பத்தொன்பது அடிக் காரும் ஒரு தேங்காயும்

"என் பேரு பொன்ராஜ். வயசு இருபத்திமூணு. ஊரு விளாத்திகுளத்துக்குப் பக்கம். இப்ப இருக்கது சென்னை, ராயபுரம், லியோனார்ட் அண்ணாச்சி ஷெட்டு. ஷெட்டுக்குள்ள காரு. காருக்குள்ள டிக்கி. டிக்கிக்குள்ள நான்."

பொன்ராஜ் இதைக் கிசுகிசுவென்று சொன்னது, நெஞ்சின் மேல் மல்லாந்து கிடந்த போனிடம். பேசினால் எழுத்தாக்கிக் கொடுக்கிற போன். அது எழுதி முடித்ததும் கழுத்தை வளைத்து மூக்கால் ஒரு அமுக்கு அமுக்கினான். செய்தி 'நம்ம குடும்பம்' குரூப்புக்குப் போய்ச் சேர்ந்தது.

மூக்கைப் பயன்படுத்தியதற்குக் காரணம் இருந்தது. இடது கை ஒரு சிவப்பு விளக்கின் அடியைப் பிடித்துக்கொண்டிருந்தது. வலது கையின் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் பசையில் ஒன்றோடொன்று ஒட்டிப்போய், மூக்குப்பொடி போடப் போகிறவன் மாதிரி நின்றன.

பெற்ற அம்மாவுக்கு மகனின் பெயரும் வயசும் தெரியாதா? தெரியும். ஆனால் உள்ளே காற்று தீர்ந்து ஏதாவது ஆகிவிட்டால், போனை முதலில் எடுப்பது போலீஸாகத்தான் இருக்கும். அவர்களுக்கு விவரம் வேண்டுமே. பொன்ராஜ் எதையும் கடைசி வரைக்கும் யோசித்து, அங்கேயே போய் உட்கார்ந்து பயப்படுகிற ஆள்.

அப்படிப்பட்டவன் டிக்கிக்குள் வந்ததற்கு ஒரு தேங்காய்தான் காரணம்.

அந்தக் கார் ஐம்பத்தொன்பதாம் வருஷத்துக் காடிலாக். நீளம் பத்தொன்பது அடிக்குக் கொஞ்சம் குறைவு. வானத்து நீலம். பின்னால் இரண்டு பக்கமும் ஆள் இடுப்பைத் தாண்டி எழும்பி நிற்கிற இரண்டு இறக்கைகள். ஒவ்வொரு இறக்கையிலும் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று தோட்டா மாதிரி கூர்ந்த இரண்டு சிவப்பு விளக்குகள். அறுபது வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு வெளிநாட்டு அதிகாரியோடு கப்பலில் வந்தது. அதைக் கிரேனில் தூக்கிக் கரையில் இறக்கியவர் லியோனார்டின் அப்பா. சங்கிலியில் தொங்கும்போது அந்த இறக்கையோடு அது நிஜமாகவே பறக்கிற மாதிரி இருந்ததாம். மனுஷன் அன்றைக்கே அதன் அழகில் விழுந்துவிட்டார். அதிகாரி ஊரைவிட்டுப் போனபோது ஏலத்தில் அதை எடுத்து, வீட்டை ஒட்டி ஒரு ஷெட் போட்டு, அதற்கப்புறம்தான் வீட்டுக்குக் கூரையே மாற்றினார்.

இப்போது அது லியோனார்டிடம் இருக்கிறது. துறைமுகத்தில் அவரும் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கார் ஓடுவது வருஷத்துக்கு இரண்டு தடவை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இரண்டு பேர் அதைப் பார்க்க வந்துவிடுவார்கள். ஒருவர் வண்ணாரப்பேட்டை அப்துல் வஹாப். இரும்பு வியாபாரம். இன்னொருவர் பெரம்பூர் சைமன். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் பெயின்டராக இருந்தவர். இரண்டு பேரும் ஆளுக்கொரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, கடலைப் பார்ப்பது மாதிரி காரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

பொன்ராஜுக்கு வேலை காரைத் துடைப்பது. தங்குவது ஷெட்டின் பரண். சென்னையில் இது மூன்றாவது வேலை. மணலி புதுநகரில் முதல் வேலை, கான்ட்ராக்ட் முடிந்துபோனது. தண்டையார்பேட்டை குடோனில் இரண்டாவது வேலை. அங்கே பூட்டு சரியாகப் பூட்டியதா என்று அவன் தினமும் இழுத்து இழுத்துப் பார்த்ததில், ஒருநாள் பூட்டு கையோடு வந்துவிட்டது. இந்த வேலையும் போனால் விளாத்திகுளம் பஸ்தான். அம்மாவோ, 'எம்மவன் கப்பல் மாதிரி காருக்குப் பொறுப்பு' என்று தெரு முழுக்கச் சொல்லி முடித்து, பக்கத்து ஊருக்கும் போய்விட்டாள்.

சேர்ந்த அன்றே லியோனார்ட் சொல்லிவிட்டார்.

"இத பாரு பொன்ராஜு. ஃபாதரு வந்து தீர்த்தம் தெளிச்சி மந்திரிச்ச வண்டி இது. எலுமிச்சங்கா கட்றது, தேங்கா சுத்தறது, இந்த மூடநம்பிக்கலாம் என் ஷெட்டுல கூடவே கூடாது. உனக்கு முன்னாடி இருந்த நெல்சன் இன்னா பண்ணான் தெரியுமா? ரெக்கை நுனில எலுமிச்சங்காயும் பச்ச மொளகாயும் கட்டினான். அதே நூலோட அவனையும் வெளிய அனுப்சிட்டேன்."

"நான் அப்படியெல்லாம் செய்ய மாட்டேன் அண்ணாச்சி."

அவன் சொன்னது உண்மைதான். இந்த ஞாயிற்றுக்கிழமை வரை.

இந்த ஞாயிற்றுக்கிழமை சுப்புராயன் வருகிறார். பழைய கார் சங்கத்தின் பரிசோதகர். அடுத்த மாசம் கடற்கரை ஊர்வலத்தில் எந்தக் கார் போகலாம், எது போகக் கூடாது என்று சொல்கிறவர். ஒரு திருகாணி பிற்காலத்துச் சரக்காக இருந்தாலும் மூக்கைச் சுருக்குவாராம். கார் தேறினால் வெள்ளை யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு முன் சீட்டில் பொன்ராஜும் ஊர்வலம் போகலாம் என்று லியோனார்ட் சொல்லியிருந்தார். அம்மா அதற்குள் டிக்கெட் போட்டுவிட்டாள்.

காலையில் லியோனார்ட் அவனை வண்ணாரப்பேட்டைக்கு அனுப்பினார். வருகிறவர்களுக்கு மட்டன் சமோசா வாங்க வேண்டும். "மெதுவா போய்ட்டு மெதுவா வா, அவசரம் இல்ல" என்றார். லியோனார்ட் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வருவது அபூர்வம். பொன்ராஜ் அதையும் கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே சைக்கிள் மிதித்தான்.

சமோசாக் கடைக்குப் பக்கத்தில் பூஜை சாமான் கடை. வாசலில் தேங்காய்க் குவியல்.

அங்கேதான் அவனுக்கு அது தோன்றியது. இத்தனை வருஷமாக வஹாப் பாய் கண், சைமன் கண். இன்றைக்குச் சுப்புராயன் கண். அதுவும் கண்ணாடி போட்ட கண். ஒரு சுற்று சுற்றிப் போடாமல் விட்டால் அந்தக் கார் என்னத்துக்கு ஆகும்? தீர்த்தம் தெளித்தது சரி. அது ஆசீர்வாதம். கண்ணேறுக்கு வேறு டிபார்ட்மென்ட் அல்லவா.

ஏழரைக்குத் திரும்பினான். ஷெட்டில் யாரும் இல்லை. லியோனார்டின் செருப்பும் இல்லை. பொன்ராஜ் தேங்காயை எடுத்தான். இரண்டு கையிலும் பிடித்துக் காரை வலம் வந்தான். ஒரு சுற்று. இரண்டு சுற்று. "ஊர்க்கண்ணு, உறவுக்கண்ணு, சங்கத்துக்கண்ணு" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே மூன்றாவது சுற்றில் பின்பக்கம் வந்தபோது, சமோசா எண்ணெய் இருந்த கையிலிருந்து தேங்காய் வழுக்கியது.

தேங்காய் உடைந்தது. எந்தக் காருக்குக் கண் படக்கூடாது என்று சுற்றினானோ, அதே காரின் இடது இறக்கைக் கீழ் விளக்கு மேல் விழுந்து உடைந்தது. விளக்கும் உடைந்தது.

காரும் ஒரு தடவை முனகியது போல இருந்தது. ஸ்பிரிங்காக இருக்கும்.

பொன்ராஜ் முதலில் தேங்காய்ச் சில்லைப் பொறுக்கினான். ஆதாரம் இருக்கக் கூடாதே. பொறுக்கப் பொறுக்கச் சில்லு வந்துகொண்டே இருந்தது. சக்கரத்துக்கு அடியில், சுவரோரம், அந்தப் பக்கம் வலது இறக்கைக்குக் கீழேகூட. கடைசியில் பார்த்தால் மூன்று கண் வைத்த மூடிச் சில்லே இரண்டு கிடந்தது. ஒரு தேங்காய்க்கு எப்படி இரண்டு முகம்? மற்ற நேரமாக இருந்தால் அரைமணி நேரம் அதைப் பற்றி யோசித்திருப்பான். இப்போது, பட்டணத்துத் தேங்காய் அப்படித்தான் போல என்று இரண்டையும் சாக்கடையில் போட்டான்.

பிறகு பசையை எடுத்தான். விளக்கின் துண்டுகள் ஒன்பது. எட்டைச் சேர்த்தபோது அது விளக்கு மாதிரி இல்லை, கடித்த கொய்யாப்பழம் மாதிரி இருந்தது. ஒன்பதாவது துண்டுக்குப் பதில் அவனுடைய இரண்டு விரல்கள் ஒட்டிக்கொண்டன. பிய்த்தான். விரல்கள் விளக்கைவிட்டு வந்தன, ஒன்றையொன்று விடவில்லை. விளக்கு மறுபடி கீழே விழுந்து, இந்தத் தடவை இருபது துண்டாகியது.

அவன் வீட்டுக்குள் ஓடினான்.

லியோனார்டின் மகள் ஃப்ளோரா தலைக்குக் குளித்து, துண்டைக் கொண்டை போட்டுக்கொண்டு டீ வடிகட்டிக்கொண்டிருந்தாள். கப்பல் சரக்கு கிளியரிங் ஆபீஸில் வேலை. யார் என்ன பொய் எழுதிக்கொடுத்தாலும் முகம் மாறாமல் சீல் குத்திப் பழகியவள்.

"யக்கா! விளக்கு ஒடஞ்சு போச்சுக்கா. தேங்காய் சுத்துனேன், வழுக்கிருச்சு. அண்ணாச்சிக்குத் தெரிஞ்சா என்னைய இன்னைக்கே பஸ் ஏத்திருவாருக்கா."

ஃப்ளோரா வடிகட்டியைக் கீழே வைத்தாள். முகம் மாறாமல் பழகியவளுக்கு அன்று முகம் என்னென்னவோ ஆனது.

"இன்னா பொன்ராஜு, நீயுமா?"

"ஆமாக்கா, நெல்சன் அண்ணன் மாதிரிதான் நானும்." அவன் வாசல் பக்கம் பார்த்தான். "அண்ணாச்சி எங்கக்கா?"

"அவுரு... கோயிலுக்குப் போய்க்கீறாரு." அவள் துண்டின் நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். "இன்னிக்கி பூசை ரொம்ப நேரமாவும்."

"இப்ப என்னக்கா செய்ய?"

ஃப்ளோரா கூடத்துக்குப் போனாள். சுவரில் திருஇருதய ஆண்டவர் படம். அதன் இரண்டு பக்கமும் தீச்சுடர் வடிவத்தில் இரண்டு சிவப்புக் கண்ணாடி விளக்குகள் எப்போதும் எரியும். இன்றைக்கு இடது பக்கத்து விளக்கு மட்டும் எரிந்தது. வலது பக்கம் வெறும் ஒயர் தொங்கியது.

"இன்னொண்ணு எங்கக்கா?"

"அதுவா? காலைலதான் வேற டூட்டிக்குப் போச்சு." அவள் இருந்த ஒன்றையும் திருகி எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். "இந்தா. அளவு செரியா கீதா பாரு."

பொன்ராஜ் படத்தைப் பார்த்துக் கும்பிட்டான். "சாமி, சாயங்காலம் திருப்பிக் குடுத்துருதேன்."

நிறம் பொருந்தியது. கூர்மை பொருந்தியது. அடிப்பாகம்தான் ஒரு சுண்டு விரல் அளவு சின்னது. வைத்தால் நின்றது, விட்டால் தலை சாய்ந்தது. காகிதம் சுருட்டி வைத்தான், துணி சுற்றினான், சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டினான். விளக்கு ஒவ்வொரு தடவையும் தூங்கிவிழுகிற மாதிரி மெல்லக் குனிந்தது.

"உள்ளேர்ந்து புடிச்சா நிக்கும்," என்றாள் ஃப்ளோரா. "விளக்குக்குப் பின்னாடி டிக்கிக்குள்ள கை போற ஓட்டை கீது."

"டிக்கிக்குள்ளயா?"

"பத்து நிமிஷம். சங்கத்துக்காரரு பாத்துட்டுப் போய்டுவாரு. பேட்டரி வேற சார்ஜுக்குப் போய்க்கீது, விளக்கு எரியாது. பிரேக்கு அமுக்கறேன்னு நான் கத்தனா, நீ உள்ளேர்ந்து போன் டார்ச்சு அடி. புரிதா?"

வெளியே ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. யோசிக்க நேரமில்லை. யோசிக்க நேரமில்லாத இடத்தில் பொன்ராஜ் என்ன சொன்னாலும் செய்துவிடுவான். ஃப்ளோரா சாவி போட்டு டிக்கியைத் திறந்தாள். உள்ளே ஒரு ரூம் அளவு இருட்டு.

"இந்தப் பக்கமே படு. அந்தப் பக்கம் தார்ப்பாய் கீது பாரு, அது மேல காலு கீலு வெச்சிடாத. அடியில அப்பாவோட பழைய சாமான் ஒண்ணு கீது. ரொம்பப் பழசு. ஒடஞ்சிடும்."

"சரிக்கா."

மூடி விழுந்தது. இருட்டில் லேசாக முட்டி வலித் தைலம் வாசனை அடித்தது. லியோனார்ட் தினமும் பூசுகிற தைலம். ஆள் இல்லாதபோதுகூட அவர் வாசனை காவல் காக்கிறதே என்று பொன்ராஜ் காலை மடக்கிக்கொண்டான்.

பத்து நிமிஷம் நாற்பது நிமிஷம் ஆனது. அப்போதுதான் அவன் குடும்பத்துக்குச் செய்தி அனுப்பியது.

முதல் பதில் சித்தப்பாவிடமிருந்து வந்தது. ரோஜாப்பூப் படம், கீழே 'இனிய ஞாயிறு வணக்கம்'. அடுத்தது அக்கா மதி.

'எந்த டிக்கி? ஏம்ல அங்க போன?'

பொன்ராஜ் கிசுகிசுத்தான். "விளக்கு ஒடஞ்சு போச்சு. அதைப் புடிச்சிட்டு இருக்கேன். மூச்சு முட்டுது."

'வெளிய ஆள் இருக்குல்ல? கத்துல!'

"கத்துனா வேலை போயிரும்."

'கத்தலைன்னா உயிரு போயிரும்.'

"அதான் எது மொதல்லன்னு யோசிச்சிட்டு இருக்கேன்."

வெளியே வஹாப் குரல் கேட்டது. மூடிக்கு நேர் மேலே.

"சார், இந்த ரெக்கையப் பாருங்க. இது எதுக்கு வச்சான் சொல்லுங்க பாப்போம்."

"காற்றைக் கிழிக்க என்று சொல்வார்கள்," என்றார் புதுக் குரல். சுப்புராயன்.

"கெடையாது சார். ஒண்ணுத்துக்கும் கெடையாது. நான் இரும்பு யாவாரி, சொல்றேன். இதுல ஒரு தோலா இரும்புகூட வேல செய்யல. சும்மா அழகுக்கு! இன்னிக்கி எந்தக் கம்பெனிக்காரனாவது சும்மா ஒண்ணு குடுப்பானா? கப் வக்கிற ஓட்டைக்கிகூட காசு எழுதறான்."

"நான் முப்பது வருஷம் ரயில் பொட்டிக்கு பெயின்ட் அடிச்சேன் சார்," என்றார் சைமன். "எல்லாம் சதுரம். சதுரத்துக்கு மேல சதுரம். ஞாயித்துக்கெழம இந்த வளைவைப் பாத்தாதான் திங்கக்கெழம வேலைக்கிப் போவ முடியும். இப்போ வேல இல்ல, ஆனாலும் பழக்கம் வுடல."

"அறுபதுல இந்த ரெக்கையக் கொறச்சிட்டான் சார்," வஹாப் குரல் கம்மியது. "ஒரே வருஷம். எவனோ ஒரு கணக்குப் புள்ள சொல்லிருப்பான், இது எதுக்குன்னு. கேக்கக் கூடாத கேள்வி சார் அது."

இருட்டில் விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்த பொன்ராஜுக்கு ஒரு நிமிஷம் பயம் மறந்தது. ஆறு மாசமாகத் துடைக்கிறான். அதை அவனும் ஒரு தடவை இப்படி உட்கார்ந்து பார்த்திருக்கலாம் என்று தோன்றியது.

அந்த நேரம் பார்த்து அம்மா போன் அடித்தாள்.

பொன்ராஜின் ரிங்டோன் நாதஸ்வரம். கல்யாண முகூர்த்தத்துக்கு வாசிக்கிற கெட்டிமேளம். டிக்கி தகரமெல்லாம் அதிர்ந்தது. மூக்கால் குத்தினான். தவறிப் பச்சையைக் குத்தினான்.

"எலே ராசா! காத்து வருதால?"

"அம்மா, வையிங்க!" என்று மூச்சால் சொல்லி, தாடையால் சிவப்பை அமுக்கினான்.

வெளியே ஒரு ஸ்டூல் கிறீச்சிட்டது.

"என்ன அது?" என்றார் சுப்புராயன்.

"ரேடியோ," என்றாள் ஃப்ளோரா.

"பின்பக்கத்திலிருந்தா?"

"அந்தக் காலத்துல பின்னாடி ஒரு ஸ்பீக்கரு தனியா குடுத்தான் சார்!" வஹாப் துள்ளினார். "படிச்சிகீறேன். இத்தினி நாளு வேலை செய்யாதுன்னு நெனச்சிகினு இருந்தேன். டேய் சைமனு, கேட்டியா? இன்னா கிளியரு! அந்தம்மா பக்கத்துல நின்னு பேசற மாதிரியே கீது!"

"பேட்டரி இல்லை என்றீர்களே?"

"ஞாயித்துக்கெழமல சார், பழைய கரண்டு கொஞ்சம் தங்கிருக்கும்," என்றாள் ஃப்ளோரா, சீல் குத்துகிற குரலில். சுப்புராயன் எதையோ எழுதிக்கொண்டார்.

செருப்புச் சத்தம் நகர்ந்து இடது இறக்கைக்குப் பக்கம் வந்து நின்றது. ஒரு விரல் விளக்கைத் தட்டியது. பொன்ராஜ் பிடியை இறுக்கினான். விரல் விளக்கை லேசாக அசைத்தது. பொன்ராஜும் அசைந்தான்.

"நான் பார்த்தவரைக்கும் விளக்கில்தான் எல்லோரும் ஏமாற்றுவார்கள்," என்றார் சுப்புராயன். "ஒன்று உடையும். எங்கிருந்தோ ஒன்றைக் கொண்டுவந்து வைப்பார்கள். இடதும் வலதும் ஒன்றுபோல இல்லாமல் கலர் காட்டிக்கொடுத்துவிடும்."

பொன்ராஜுக்கு வேர்த்தது. இடது கீழ் விளக்கு பூஜை விளக்கு. வலது கீழ் விளக்கு அசல். முடிந்தது கதை. இரண்டு மணிக்கு ஒரு பஸ், ராத்திரி ஒரு பஸ். எது ஏறலாம் என்றுகூட யோசித்துவிட்டான்.

சுப்புராயன் இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார். மறுபடி இந்தப் பக்கம்.

"ஆச்சரியம்," என்றார். "இரண்டும் அச்சு அசல் ஒன்று. ஒரே கண்ணாடி. ஒரே வயசு. இப்படி ஒரு ஜோடியை நான் பார்த்ததே இல்லை."

அதெப்படி என்று பொன்ராஜுக்குப் புரியவில்லை. ஆண்டவர் நேரடியாகத் தலையிட்டிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டான்.

"எரியுமா?"

"பிரேக்கு அமுக்கறேன்!" என்று ஃப்ளோரா தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்.

பொன்ராஜ் மூக்கால் டார்ச்சைப் போட்டு, போனைத் தாடையால் விளக்குப் பக்கம் தள்ளினான்.

"இடது பக்கம் எரியுது!" என்றார் சைமன். "ஆங்... வலது பக்கமும் எரியுது!"

வலது பக்கமுமா? பொன்ராஜுக்கு உடம்பு சிலிர்த்தது. பேட்டரி இல்லாத காரில் வலது பக்கம் யார் எரிக்கிறார்கள்? அவன் மனசுக்குள் இரண்டாவது தடவையாகக் கும்பிட்டான்.

வெளியே டிங் என்று ஒரு சத்தம். வஹாபின் போன்.

"இன்னா கர்மம் இது," வஹாப் உரக்கப் படித்தார். "'அவசரம். ராயபுரத்தில் இருபத்துமூன்று வயது வாலிபர் வெளிநாட்டுக் காரின் டிக்கியில் அடைப்பு. காற்று இன்னும் ஒரு மணி நேரமே. உங்களுக்கு மனிதாபிமானம் இருந்தால் பத்துப் பேருக்குப் பகிரவும்.' எங்க சம்பந்தி அனுப்பிகீறாரு, கோயில்பட்டிலேர்ந்து."

"சும்மா கத கட்றாங்க," என்றார் சைமன். "போன மாசம் இதே மாதிரி ஃப்ரிட்ஜிக்குள்ள ஒரு பையன்னு வந்துச்சி. நான்கூட பகிர்ந்தேன்."

பொன்ராஜ் போனைப் பார்த்தான். குரூப்பில் சித்தப்பாவின் புதுச் செய்தி. 'கவலைப்படாதே தம்பி. நமக்குத் தெரிஞ்ச நாற்பது குரூப்பிலும் போட்டாச்சு. போலீஸுக்கும் சொல்லச் சொல்லியிருக்கேன்.' கீழே ஒரு ரோஜாப்பூ.

"கதையாக இருந்தாலும்," என்றார் சுப்புராயன் மெதுவாக, "டிக்கியை நான் இன்னும் பார்க்கவில்லையே. திறங்கள், அதையும் பார்த்துவிட்டால் கையெழுத்துப் போட்டுவிடலாம்."

பொன்ராஜின் இதயம் டிக்கித் தகரத்தில் போய் முட்டியது.

"சாவி அப்பாகிட்ட கீது சார்," என்றாள் ஃப்ளோரா.

"அப்பா எங்கே?"

"கோயில்ல."

"ஏழு மணிப் பூசை எப்பவோ முடிஞ்சிட்ச்சே பாப்பா," என்றார் சைமன். "நான் அங்கேர்ந்துதான் வரேன். லியோனார்ட நான் பாக்கல."

"அப்படியென்றால் நானே போன் போடுகிறேன்," என்றார் சுப்புராயன். "நம்பர் இருக்கிறது. நல்ல சேதியையும் நேரில் சொன்ன மாதிரி ஆகும்."

"வேணாம் சார்..." என்று ஃப்ளோரா ஆரம்பித்தாள். அவர் அதற்குள் அமுக்கிவிட்டார்.

டிக்கிக்குள் தார்ப்பாயின் விளிம்பு நீலமாக வெளுத்தது.

பொன்ராஜ் கழுத்தைத் திருப்பினான். தார்ப்பாய் விர்ர் விர்ர் என்று அதிர்ந்தது. அதிர்ந்து அதிர்ந்து ஒரு பக்கமாகச் சரிந்தது. முதலில் தெரிந்தது ஒரு நரைத்த மீசை. மீசைக்குக் கீழே வாயில் கவ்விய சின்ன டார்ச். சட்டைப் பையில் மின்னுகிற போன். தலைக்கு மேலே தூக்கிய இரண்டு கைகள். அந்த இரண்டு கைகளும் வலது இறக்கையின் ஓட்டைக்குள் போய், ஒரு சிவப்பு விளக்கின் அடியைக் கெட்டியாகப் பிடித்திருந்தன.

"அண்ணாச்..." பொன்ராஜுக்கு மீதி வரவில்லை.

லியோனார்ட் டார்ச்சைத் துப்பினார்.

"அந்தப் போன அமுக்குடா. எனக்கு ரெண்டு கையும் வேலைல கீது."

பொன்ராஜ் உடம்பை இழுத்துக்கொண்டு போய், முதலாளியின் நெஞ்சில் மூக்கை வைத்து அமுக்கினான். நீலம் அணைந்தது. வெளியே, "கட் பண்ணிவிட்டாரே," என்றது சுப்புராயன் குரல். "அவுரு அப்டித்தான் சார், ஜெபத்துல கீறாரு," என்றது ஃப்ளோரா குரல். அது சிரிப்பை அடக்கி அடக்கி நடுங்கியது.

இருட்டில் தைல வாசனையும் இரண்டு பேர் மூச்சும் மட்டும் இருந்தன.

"அண்ணாச்சி," என்று பொன்ராஜ் அழாத குறையாக ஆரம்பித்தான். "மன்னிச்சிருங்க அண்ணாச்சி. நான் தேங்காய்..."

"கேட்டுச்சி. என் தலைக்கு நேர் மேலதானே ஒடச்ச." லியோனார்ட் மூடிப் பக்கம் ஒரு தடவை காது கொடுத்தார். அப்புறம் குரலை இன்னும் தாழ்த்தினார். "உனக்கு எத்தினியாவது சுத்துல வழுக்கிச்சி?"

"மூணாவது, அண்ணாச்சி."

"எனக்கு ரெண்டாவதுலயே."

தூரத்தில், கல்மண்டபம் பக்கமிருந்து, ஒரு போலீஸ் ஜீப்பின் சைரன் மெல்ல நெருங்கி வந்தது. பொன்ராஜ் அவசரமாகப் போனைத் தாடையால் இழுத்து, மூக்கால் மைக்கை அமுக்கினான்.

"என் பேரு பொன்ராஜ். வயசு இருபத்திமூணு. ராயபுரத்துல சௌக்கியமா இருக்கேன். முன்னாடி அனுப்புனதைப் படிச்சவங்க, பகிர்ந்தவங்க, போலீஸுக்குச் சொன்னவங்க எல்லாரும் இதையும் படிங்க. தயவுசெஞ்சு டிக்கியை யாரும் தொறக்காதீங்க."